வரையாத கட்டம்

முதல் ஆட்டத்தில் தோற்றதும், போட்டிக்கு வந்திருந்த வெல்டர் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் ஷூவை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி அவரை அழைத்துவர வேண்டியிருந்தது. ஒருமுறை தோற்றால் வெளியே இல்லை, கீழ் வரிசைக்குத்தான் போவீர்கள், அங்கே இன்னொரு முறை தோற்றால்தான் வெளியே என்று நடந்துகொண்டே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஜெயிச்சுட்டேனாம்மா?" என்றார்.

காலையிலிருந்து எனக்கு இதே பிழைப்பு. மேசையில் கோலால் பந்தடித்து ஆடும் பூல் ஹாலின் சுவரில் நான் வரைந்த போட்டி அட்டவணை ஒட்டியிருந்தது. மாலை வகுப்பில் நான் கட்டட வரைபடம் படிப்பதை அண்ணன் உளறி வைத்ததால், ஹால் முதலாளி இந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார். மேல் பாதியில் தோற்காதவர்கள், நீல மையில். கீழ் பாதியில் ஒருமுறை தோற்றவர்கள், கறுப்பு மையில். மேலிருந்து விழுகிறவர் கீழே எந்தக் கோட்டில் வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொரு அம்புக்குறியையும் சரிபார்த்திருந்தேன். சரிபார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் யாரும் அட்டவணையைப் படிக்கவில்லை. தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நான் அவுட்டா, இல்லையா?" என்று கேட்டார்கள். விரலை வைத்துக் காட்டினால் விரலைப் பார்த்தார்கள்.

வெல்கிறவருக்குப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை என்று முதலாளி அறிவித்திருந்தார். அதற்காகத்தான் அண்ணன் வந்திருந்தான். பேருந்து ஓட்டும் அப்பா அவனுக்காக யார் யாரிடமோ பேசி, ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை வாங்கி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை சேர வேண்டும். இந்தப் போட்டியில் ஜெயித்தால் உன் இஷ்டம், தோற்றால் வாயைத் திறக்காமல் கிடங்குக்குப் போ என்பது அப்பா வைத்த நிபந்தனை. அவனும் ஒப்புக்கொண்டிருந்தான். தோற்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததால்தான் காலையில் விதிகளைப் பேசியபோது அவன் அவ்வளவு அழுத்தமாகப் பேசினான். இறுதி ஆட்டத்துக்கு மேலிருந்து ஒருவரும் கீழிருந்து ஒருவரும் வருவார்கள். கீழிருந்து வருகிறவர் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர். மேலிருந்து வருகிறவர் தோற்கவே இல்லை. "ஒரு தடவகூட தோக்காதவன ஒரே ஆட்டத்துல எப்படி வெளிய அனுப்புவீங்க? மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு வாய்ப்பு, அவனுக்கு மட்டும் ஒண்ணா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். மேலிருந்து வருகிறவர் இறுதியில் தோற்றால் இன்னொரு இறுதி ஆட்டம் உண்டு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நான் அதற்கும் ஒரு கட்டம் வரைய ஸ்கேலை எடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அது எதுக்கு? என்னை யாரு அடிக்கப் போறா? சும்மா தாள அசிங்கம் பண்ணாத." நானும் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டேன். இறுதி ஆட்டத்துக்குத் தாளின் வலது ஓரத்தில் ஒரே ஒரு கட்டம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே அவனைத் தோற்கடித்தவர் பார்லர் அக்கா. பக்கத்துத் தெருவில் முடி வெட்டுகிறவர். நாளெல்லாம் நின்று பழகிய கால்கள். மேசையைச் சுற்றி அவசரமே இல்லாமல் நடப்பார். கடைசியாகப் போட்டு ஜெயிக்க வேண்டிய கறுப்புப் பந்தை அண்ணன் எளிய குழியில் தவறவிட்டான், அவர் விடவில்லை. அதன் பிறகு அவர் மேல் வரிசையில் கொஞ்ச ஆட்டங்களே ஆடி, இறுதிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கீழே விழுந்தவனுக்குத்தான் ஆட்டம் அதிகம். அண்ணன் ஒவ்வொருவராகத் தோற்கடித்து ஏறி வந்தான். வெல்டரும் அவனிடம் தோற்றுத்தான் வெளியேறினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஒருமுறை என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

இறுதி ஆட்டத்தில் அவன் ஜெயித்தான். கறுப்புப் பந்து குழியில் விழுந்ததும் ஹாலே கத்தியது. யாரோ அவனைத் தூக்கினார்கள். இறங்குவதற்குள் போனை எடுத்து, "அப்பா, ஜெயிச்சுட்டேன்பா," என்றான். அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னாரோ, அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பார்லர் அக்கா போகவில்லை. கியூ கோலின் முனையில் சாக்கட்டி தேய்த்தபடி மேசையருகே நின்று முதலாளியிடம் கேட்டார்: "அடுத்த ஆட்டத்துல முதல் அடி அடிச்சு பிரேக் பண்றது யாரு?"

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது அண்ணன் நேராகச் சுவரிடம் போனான். "அடுத்த ஆட்டமா? எங்க இருக்கு? ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு, எல்லாரும் வந்து பாருங்க. என் தங்கச்சி போட்டது. அவ தப்பா போட மாட்டா."

இத்தனை வருடங்களில் அவன் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்ன நல்ல வார்த்தை இதுதான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னாலிருந்து வெல்டரின் குரல் வந்தது. "தம்பி, நான் ரெண்டு தடவ தோத்தேன், அதனால அவுட்டு. அந்தம்மா இப்பதான முதல் தடவ தோக்கறாங்க?" நாள் முழுக்க நான் கத்தியது ஒருவர் மண்டையிலாவது ஏறியிருக்கிறது. ஏறுவதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

முதலாளி கையைக் கட்டிக்கொண்டார். "போட்டது நீதானம்மா. நீயே சொல்லு."

அட்டவணைப்படி அண்ணன்தான் ஜெயித்தான் என்று சொன்னால் முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதில் ஒரு கோடுகூடப் பிசகு இல்லை.

"தோக்காதவங்களுக்கும் ரெண்டு வாய்ப்புன்னு காலைல நீதான சொன்ன, அண்ணா," என்றேன்.

அவன் கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "அப்பா அழுதாரு. போன்ல. நீ கேக்கல."

"கட்டம் வேணாம்னு சொன்னதும் நீதான்."

"சரி, போடு. நல்லா பெருசா போடு. அப்பாகிட்டயும் நீயே சொல்லிடு." போனை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

நான் ஸ்கேலை எடுத்தேன். தாளில் இடமே இல்லை. கடைசிக் கட்டம் விளிம்பை ஒட்டி நின்றது. வேறு துண்டுத்தாள் தேடிக் கிடைக்காமல், கோட்டை அப்படியே சுவருக்கு இழுத்தேன். சுண்ணாம்பு உதிர்ந்து பேனா முனை அடைத்துக்கொண்டது. எவ்வளவு அழுத்தியும் கட்டத்தின் ஒரு பக்கம் கோணலாகத்தான் வந்தது. என் பின்னால் பார்லர் அக்கா பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் அடுக்குகிற சத்தம் கேட்டது. அண்ணன் மேசையின் எதிர் முனையில் கோலோடு குனிந்து நின்றான். மேசை விளிம்பில் போன் அதிரத் தொடங்கியது. திரையில் 'அப்பா'. அது அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா சட்டத்தைப் பந்துகளின் மேலிருந்து மெல்லத் தூக்கினார்.