தலைமாட்டுக் கயிறு

நாற்காலியை இன்னும் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. என் குரல் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் போவதில்லை. நான் சுற்றுலா வண்டி ஓட்டிய கடைசி வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் கண் அசந்தால் அசரட்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

செப்டம்பர் முடிகிற நேரம். ஸ்பே ஆற்றுப் பக்கம் விடாத தூறல். காலையில் எல்ஜின் ஊரில் ஆட்களை ஏற்றிக்கொள்வேன். இரண்டு விஸ்கி ஆலை, மத்தியானம் சூப், பிறகு ஒரு பழைய கோட்டை, சாயங்காலம் வந்த வழியே திரும்புதல். கோடை முழுக்க அதே வளைவு, அதே வேடிக்கைப் பேச்சு. என் வாய் தானாகப் பேசிக்கொண்டு வரும். முதுகு தனியாக முனகிக்கொண்டு வரும்.

அன்று ஒரு ஜெர்மன் தம்பதி, அமெரிக்காவிலிருந்து ஒரு தாயும் மகளும். கடைசியாக ஏறியவன் கீத் ஷாண்ட். என்னோடு பள்ளியில் படித்தவன், ஆடு வளர்ப்பவன். அவன் அக்கா எல்ஸ்பெத் இறந்து இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை.

"என்ன கீத், வண்டி மாறி ஏறிட்டியா?"

"டிக்கெட் வாங்கியிருக்கேன், ஐலா. ஊரைச் சுத்திக் காட்டு."

"உன் ஆட்டைத்தான் நான் தினம் இவங்களுக்குக் காட்டறேன்."

அவன் சிரிக்கவில்லை. பல ராத்திரி தூங்காத முகம். என் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்: "கோட்டைக்குப் போகணும். மர்டோவைப் பார்க்கணும். என் காரைப் பார்த்தாலே பின்வாசல் வழியாப் போயிடறான். உன் கூட்டத்தோட வந்தா அவன் பேசித்தானே ஆகணும்? அதுக்குத்தானே சம்பளம்."

மர்டோ அவனுக்கு அண்ணன், கோட்டையைச் சுற்றிக் காட்டும் வேலையில் இருந்தார். இருவரும் பேசிக்கொள்ளாத காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கம் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது சொந்தக்காரர்கள்தான். பெட்டியைச் சுற்றிக் கயிறுகள் இருக்கும், யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தலைமாட்டுக் கயிறு மூத்தவருக்கு, கால்மாடு அடுத்தவருக்கு. அவர்கள் அப்பாவின் அடக்கத்தன்று மர்டோ கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் மாட்டிக்கொண்டார். மூடுபனியில் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை. எப்படியோ வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நுழைந்தபோது தலைமாட்டுக் கயிறு கீத் கையில் இருந்தது. கீத் அவரைப் பார்த்தான். கொடுக்கவில்லை. மர்டோ அக்கம்பக்கத்தாரோடு பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அப்பாவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

முதல் ஆலையில் முளைகட்டிய பார்லி வாசனை. செம்புக் கொப்பரைகளைச் சுற்றி வந்ததும், சிறு கோப்பைகளில் விஸ்கி ஊற்றினார்கள். கீத் தன் பங்கைக் குடிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள் குடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போகவென்று வைத்திருக்கும் சின்னக் குப்பியைக் கேட்டு வாங்கி அதில் ஊற்றிக்கொண்டான். இரண்டாவது ஆலையிலும் அப்படியே.

"சளி பிடிச்சிருக்கா உனக்கு?" என்றேன்.

"குடிச்சுட்டு வந்து உளர்றான்னு மர்டோ சொல்லிடுவான், ஐலா."

கோட்டைக்குப் போனபோது மற்றவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். மர்டோவுக்கு அன்று அது எத்தனையாவது கூட்டமோ, தூணில் சாய்ந்தபடியே, "வாங்க. வாசல் தணிவு, தலை பத்திரம்" என்றார். தம்பி மேல் விழுந்த பார்வை, கோட் மாட்டும் கொக்கியைப் பார்ப்பதுபோல நகர்ந்துவிட்டது.

பெரிய கூடத்தில், "கேள்வி ஏதாவது?" என்றார். கீத் கையைத் தூக்கினான்.

"இந்தக் கணப்புல ஒரு முழு மாட்டைச் சுடலாமா?"

"சுட்டிருக்காங்க, சார்."

"விறகு யார் சுமந்தது?"

"தம்பிங்க சுமந்திருப்பாங்க, சார். அண்ணனுங்க பொழப்புக்கு வெளியில போயிருப்பாங்க. திரும்பி வந்தா நிக்க இடம் இருந்திருக்காது."

அமெரிக்கப் பெண் என் காதில், "நல்லா நடிக்கறாங்க. தினமும் உண்டா?" என்றாள்.

கடைசியாகச் சின்ன ஜெபக்கூடம். யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மர்டோ மெதுவாகக் கேட்டார்: "கேள்வி ஏதாவது?"

"வெள்ளிக்கிழமை எல்ஸ்பெத்தை அடக்கம் பண்றோம்," என்றான் கீத். "தலைமாட்டுக் கயிறு நீ பிடிக்கணும். பிடிப்பியா?"

ஜெர்மன்காரர் தொப்பியைக் கழற்றினார். யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"கோட்டையைப் பத்திக் கேட்டா மட்டும்தான் பதில், சார். கடை இடது பக்கம். படி வழுக்கும்."

வண்டிக்கு வந்தோம். கீத் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "எடு, ஐலா" என்றான். நான் சாவியைத் திருப்பும்போது மழையில் கோட்டுகூட இல்லாமல் மர்டோ நடந்து வந்து கதவைத் தட்டினார்.

"குடிச்சிருக்கானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு சொட்டு இல்ல. நாள் பூரா நான்தானே கூட இருக்கேன்."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "கடைசியில அவளுக்கு யார்டா ஊட்டி விட்டது?"

"நான்தான்."

"அப்ப தலைமாடு உனக்கு. நான் கால்மாட்டுல நிக்கறேன்."

"அது தப்பு. மூத்தவன் நீ."

"மூத்தவன்தானே சொல்றேன், கேளு."

"அன்னிக்கு நான் குடுக்கல. இன்னிக்குக் குடுத்தா வாங்கிக்க மாட்டேங்கற. உன் பிடிவாதம் இருக்கே, அப்பாவேதான்."

"நீ மட்டும் யாரு பிள்ளையாம்?"

கிளட்சை மிதித்தபடியே இருந்ததில் எனக்குக் கால் கடுத்தது. "எவ்வளவு வேணாலும் சண்டை போடுங்கப்பா. ஆனா ஒருத்தன் ஏறு, இல்லாட்டி ஒருத்தன் இறங்கு" என்றேன். கீத் இறங்கினான். இருவரும் மழையில் நின்று பேசிக்கொண்டே இருந்தது கண்ணாடியில் கொஞ்ச தூரம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். தலைமாட்டில் மர்டோ, கால்மாட்டில் கீத். எப்படி முடிவானது என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தோளில் பலமில்லாத வயசு. ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பார்த்துக் கயிற்றை விட்டார்கள். எல்ஸ்பெத்தின் பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் மட்டமாக இறங்கியது. அப்புறம் இருவரும் சுற்றுச்சுவரில் உட்கார்ந்தார்கள். ஊரார் கலைந்த பிறகும் எழுந்து போகவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். உழைத்துக் களைத்து வருகிறவருக்குச் சூடாக ஒரு வாய் சாப்பாடும், கூப்பிட்டுப் பேச ஒரு குரலும், விடியும்வரை நல்ல உறக்கமும் உங்கள் கூரைக்குக் கீழே என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.