ஊக்கு மாட்டிய செருப்பு

சுபாஷிணியின் இணையதளத்தை உலகத்தில் யார் எங்கே திறந்தாலும், அவர்களுடைய செருப்பு கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் வீட்டு வாசலில் வந்து கிடக்கும். படித்து முடித்துப் பக்கத்தை மூடினால் செருப்பு போய்விடும். மிளகு விலை சரிந்த வருஷத்தில் இது தொடங்கியது. அடுத்தவர் வீட்டுக்குள் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வரவேண்டும் என்று சந்துக்காரர்கள் அதற்குமேல் யோசிக்கவில்லை. கனடாவிலிருந்து வந்த பூட்ஸில் பனி உருகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. காக்கநாட்டு ஐ.டி. கம்பெனிகளின் கறுப்பு ஷூக்கள் மத்தியானம் வரிசையாக வந்து நிற்கும். அங்கே மேனேஜர் தலையைக் கண்டதும் அத்தனையும் ஒரே நொடியில் மறையும். அரிசி மண்டிக்குப் போகும் ஆட்டோக்காரர் சுதீர் தினமும் ஹாரன் அடித்து, "சேச்சி, இதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கணும், வண்டி போகட்டே" என்பார். சுபாஷிணியும் துடைப்பத்தால் ஒதுக்கிக் கொடுப்பாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதை ஒதுக்கத்தான் யாராலும் முடியவில்லை.

அடுத்த வாசல் அவளுடைய ஓர்ப்படி நீலாம்பாளுடையது. அண்ணன் கிருஷ்ணபிரசாத்தின் மனைவி நீலாம்பாள், தம்பி ஹரிநாராயணனின் மனைவி சுபாஷிணி. 'சாம்பல் கோட்டை' என்ற தொடருக்கு ரசிகையாக முதலில் இணையதளம் தொடங்கியவள் மூத்தவள்தான். மூன்று சினிமாவும் முடிவில்லாத சீரியலுமாகப் பெருகிய அந்தக் கதையில், வாளேந்திய ஆழிமதியின் மூக்குத்தி எந்த வாரம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறியது என்பது வரை அவள் எழுதி வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் சுபாஷிணியும் அதே தளத்தில்தான் மலையாளத்தில் எழுதினாள். ஒருநாள் அவள் ஆழிமதிக்கும் வில்லனுக்கும் கல்யாணம் செய்துவைத்து ஒரு கதை போட்டாள். நீலாம்பாள் அதை அழித்தாள். வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது அந்த வருஷம்தான். சகோதரர்கள் அதைச் சொத்துப் பிரிவினை என்று சொல்லிக்கொண்டார்கள், பாவம்.

சுபாஷிணி மலையாளத்திலும் இங்கிலீஷிலும் தனித்தளம் தொடங்கினாள். ஆழிமதிக்கு வாரம் ஒரு கல்யாணம் செய்துவைத்தாள். செருப்புகள் குவிந்தன. நீலாம்பாள் தமிழிலேயே எழுதினாள், ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. அவள் வாசலுக்கு வந்தது ஒரே ஒரு ஜோடி. அதுவும் வார் அறுந்து ஊக்கு மாட்டிய பழைய ரப்பர் செருப்பு. சமையல் முடிகிற வேளைக்கு வரும், வெகுநேரம் கிடக்கும், போகும். மழை நாளில்கூடத் தவறியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் நீலாம்பாளுக்கு வயிறு எரியும். யாருமே வராமல் இருந்தால் வாசகர்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தர் மட்டும் வந்தால் என்ன சொல்லிக்கொள்வது?

பொறாமை பொல்லாதது, அது ஆளைச் சும்மா உட்கார விடாது. எதிரி என்ன எழுதுகிறாள் என்று பார்க்காமல் நீலாம்பாளால் இருக்க முடியவில்லை. பார்த்தால் செருப்பு காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாகக் காலில் போட்டது எதுவோ அதுதான் போய்க் கிடக்கும் என்பதைக் கண்டுபிடித்து, பஜாரில் பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி வாங்கிப் பரணில் ஒளித்து வைத்தாள். யாரும் இல்லாதபோது எடுத்து மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்துவிட்டு ஓர்ப்படியின் தளத்தைத் திறப்பாள். அத்தனை குவியலில் பழுப்புச் செருப்பை யார் கவனிக்கப்போகிறார்கள்?

ஒருதரம் ஆத்திரம் தாங்காமல் கனடா பூட்ஸில் ஒன்றை எடுத்து ஒளித்தாள். அது வினையாக முடிந்தது. செருப்பில்லாமல் எப்படிக் கிளம்புவது? அந்த மனிதரால் பக்கத்தை மூடவும் முடியவில்லை, நாற்காலியை விட்டு எழவும் முடியவில்லை. விடிய விடிய ஆழிமதியின் எல்லாக் கல்யாணங்களையும் படித்து முடித்து, ஒவ்வொன்றுக்கும் பாராட்டு எழுதினார். நீலாம்பாள் மறுநாளே பூட்ஸைத் திரும்ப வைத்தாள்.

பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்து செருப்புக் குவியலைப் படம் பிடித்துப் போட்டார்கள். படத்தின் ஓரத்தில் நீலாம்பாளின் வாசலும், ஊக்கு மாட்டிய ஜோடியும் விழுந்திருந்தன. இடமில்லாமல் பக்கத்து வீட்டு வாசல்வரை செருப்புகள் பரவிவிட்டதாகக் கீழே எழுதியிருந்தது. தன்னுடைய ஒரே வாசகரையும் சுபாஷிணியின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று நீலாம்பாள் அன்று சாப்பிடவில்லை. கோபம் கடைசியில் அந்த ரப்பர் செருப்பின் மேலேயே திரும்பியது. "இத்தனை வருஷமா வந்து என்னத்தைக் கிழிச்சே?" என்று கேட்டு, அதில் ஒன்றை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

சாயங்காலம் ஹரிநாராயணன் ஓடி வந்தான்.

"மன்னி, ஒண்ணு வரேளா? அவ மத்தியானத்துலேர்ந்து கம்ப்யூட்டரை விட்டு எழுந்துக்க மாட்டேங்கறா. அடுப்புகூட மூட்டலை."

"அவ தளத்தை அவ படிக்கறா. எனக்கென்ன?"

"அவளோடது இல்லை மன்னி. உங்களோடது."

நீலாம்பாள் சுவரைச் சுற்றிக்கொண்டு போனாள். பல வருஷம் கழித்து அந்தப் படியேறுகிறாள். சுபாஷிணி பாலக்காட்டில் மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். திரையில் விரலை வைத்து, கோட்டைக் காவல்காரனின் மனைவியைப் பற்றி நீலாம்பாள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள். தொடர் முழுக்கக் கூட்டத்தில் நின்றும் ஒரு வசனம்கூட இல்லாத பெண் அவள்.

"அந்த ஓட்டைச் செருப்பு உன்னோடதா?"

"புதுசைப் போட்டுண்டு வந்தா கண்டுபிடிச்சுடுவேளோன்னு, குப்பையில போட்டதை எடுத்து ஊக்கு மாட்டினேன். இவளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. இவளைப் பத்திப் போய் இப்படி எழுதியிருக்கேள். உலகமே எங்கிட்ட வரது மன்னி, எனக்கு இப்படி ஒரு வரி வரமாட்டேங்கறது. பொறாமையா இருக்கு. வயிறு பத்திண்டு வரது. அதான் தினமும் வந்து படிக்கறேன்."

அதைவிடச் சந்தோஷமான வார்த்தையை நீலாம்பாளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"நீங்க மட்டும் என்ன," என்றாள் சுபாஷிணி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "பழுப்புச் செருப்பு, உங்க எல்லாச் செருப்பும் போல இடது குதி மட்டும் தேஞ்சது. காலம்பற எழுந்ததும் அத்தனை குவியல்லயும் முதல்ல அதைத்தான் தேடுவேன். அது வந்தாத்தான் எனக்கு எழுதவே ஓடும்."

நீலாம்பாள் வீட்டுக்கு வந்து அரிசி டின்னைத் திறந்தாள். செருப்பை உடனே வாசலில் வைக்கவில்லை. சுபாஷிணி இன்னும் படிக்காத பாகங்கள் இருந்தன. அவள் படித்து முடிக்கட்டும் என்று அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதற்குள் மைத்துனனுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

செருப்புகள் இன்றைக்கும் வருகின்றன. சுதீர் இன்றைக்கும் ஹாரன் அடிக்கிறார். சுவர் இடிக்கப்படவில்லை, பொறாமையும் இரு பக்கமும் குறையவில்லை. குறைந்தால் எழுத்து கெட்டுவிடும் என்று இருவருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ரப்பர் செருப்பின் ஊக்கு துருப்பிடித்து இற்றுப்போனது. வாசலில் கிடந்ததை நீலாம்பாள் எடுத்து, தன் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி அதில் மாட்டினாள். கொஞ்சம் உறுத்துகிற மாதிரிதான் மாட்டினாள். மறுநாள் சுபாஷிணி முற்றத்தில் லேசாக நொண்டிக்கொண்டு நடந்தாள். ஆனால் சமையல் முடிகிற வேளைக்கு அந்தச் செருப்பு வந்துவிட்டது.