ரோஸ் கவுன்

ஹபிபுல்லா உயிரோடு வந்துவிட்டான். இதை ஆளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்தான். ரூமானா ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொன்னாள். லிபியாவில் சண்டை மூண்டதிலிருந்து புருஷனிடமிருந்து போனும் இல்லை, தகவலும் இல்லை. அப்படித் தவித்துக் கிடந்தவளுக்கு அன்று காலையில் கால் தரையில் பாவவில்லை. பால்காரரிடம் சொன்னாள். சொன்ன ஜோரில் பாலை வாங்க மறந்து, திரும்ப ஓடிப்போய் வாங்கும்போது இன்னொரு தடவை சொன்னாள்.

வந்தவனோ கப்பலிலும் ரயிலிலும் கசங்கிய உடம்போடு, ஒரு பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, "எந்திரிச்சு பேசுறேன் ரூமானா" என்று பாயில் விழுந்தான். விழுந்தவன் விழுந்தவன்தான்.

முதுநகரில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் கூடத்தில் பெட்டியைத் திறக்க வேண்டும். தெருவே சுற்றி உட்காரும். ஆளுக்கு ஒரு சோப்பாவது கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் பூராவும் பேசியே தீர்த்துவிடுவார்கள். ரூமானா வீட்டு மாடி வேறு கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது. சண்டையில் வேலை போய், வரவேண்டிய சம்பளமும் போயிற்று என்றுதான் ஊரே பேசிக்கொண்டது. பெட்டியாவது வந்ததே என்று காட்டாமல் விடுவாளா?

"அண்ணன எழுப்பி சாவிய கேளு மச்சி" என்றாள் ஹபிபுல்லாவின் தங்கை மெகருன்னிசா.

"தூங்கட்டும் மெகரு, பாவம்."

"அப்ப தள்ளு" என்று எதிர்வீட்டு மாரியம்மாள் அம்மிக்குழவியோடு வந்தாள். ஒரே போடு. பூட்டு தெறித்து விழுந்தது. பாயில் கிடந்தவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அதன்பிறகு ரூமானாவுக்குத் தலைகால் புரியவில்லை. சென்ட் பாட்டிலைத் திறந்து எல்லார் கையிலும் தேய்த்தாள். சோப்பு மாரியம்மாளுக்கு, தைலம் மெகருன்னிசாவுக்கு, மிட்டாய் மொத்தமும் பிள்ளைகளுக்கு. பெட்டியின் அடியிலிருந்து ஒரு ரோஸ் கவுன் வந்தது. சின்னதாக, கழுத்தில் சரிகைப் பூ வைத்தது. அவள் பெற்றதோ இரண்டும் பையன்கள்.

"அண்ணன் அடுத்ததுக்கு இப்பவே துணி எடுத்துட்டாருடி" என்றாள் மாரியம்மாள். கூடமே குலுங்கிச் சிரித்தது. ரூமானா அந்தக் கவுனாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி.

மதியம் ஹபிபுல்லா கண் விழித்தான். சென்ட் வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்தான்.

"பெட்டிய யாரு தொறந்தது?"

"நாந்தாங்க. கவுன் ரொம்ப அழகா இருக்கு" என்று குழைந்தாள் ரூமானா.

"அது எங்கூட வேல பாத்த அன்பரசோட பெட்டி. என்னோடத கேம்ப்புலயே அடிச்சிட்டுப் போய்ட்டானுவ. அவன் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தான், அதனால பெட்டி தப்பிச்சிது. அவன் தப்பிக்கல. குண்டு விழுந்தப்ப வெளிய நின்னுட்டிருந்தான். சிதம்பரத்துல அவன் சம்சாரத்துக்கிட்ட அப்படியே குடுக்கணும்னு மடியிலயே வெச்சுக் கொண்டாந்தேன் ரூமானா."

கையில் மணத்த சென்ட்டைச் சேலையில் தேய்த்துத் துடைத்தாள். தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அதற்கு ஏது நேரம்? தலையில் துணியைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கொடுக்கும்போது இருந்ததைவிட வாங்கும்போது வேகம். தைலம் வந்தது, மெகருன்னிசாவின் நெற்றி மட்டும் மினுங்கியது. மாரியம்மாள் குளித்து முடித்து, தலையில் துண்டோடு, ஈரச் சோப்பைக் கையில் ஏந்தி நின்றாள். "மொகத்துக்கு மட்டுந்தான் போட்டேன்" என்று சத்தியம் செய்தாள். ஆள் முழுக்க மணந்தது. சோப்பைக் காயவைத்து மறுபடி தாளில் சுற்றினார்கள். மிட்டாயை எந்த வயிற்றிலிருந்து எடுப்பது?

மறுநாள் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இருவரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள். அன்பரசின் மனைவி மாலதியின் வீட்டில் ஈ காக்கை இல்லை. அவளும், மகள் அனுப்பிரியாவும்தான்.

"சேதி வந்தன்னிக்கு எல்லாரும் கூடுனாங்க. ஒடம்பும் வரல, ஒண்ணும் வரல. அப்பறம் யாரும் எட்டிப் பாக்கலக்கா. என்ன பேசறதுன்னு தெரியல போல" என்றாள் மாலதி.

ரூமானா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே அத்தனையும் கொட்டிவிட்டாள். குழவி, சென்ட், மாரியம்மாளின் சத்தியம், அடுத்த பிள்ளைக்கென்று சிரித்த சிரிப்பு, எதையும் மறைக்கவில்லை. மாலதி பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு சோப்பை எடுத்துத் தாளைப் பிரித்தாள். அதில் நீளமாக ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

"மொகத்துக்கு மட்டுந்தானா?" என்றாள்.

சிரித்துவிட்டாள். ரூமானாவுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ஹபிபுல்லா என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைச் சுருட்டினான்.

அதற்குள் அனுப்பிரியா கவுனை மாட்டிக்கொண்டு வந்து முதுகைக் காட்டினாள். பட்டன் எட்டவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்பரசு விட்டுப்போன பிள்ளையின் அளவு அது.

"அவரு மனசுல இவ இன்னும் இத்துனூண்டாத்தான் இருந்திருக்கா" என்றாள் மாலதி. சிரித்த வாயே அழுதது.

"கழட்டு கண்ணு, பிரிச்சு தெச்சுத் தரேன்" என்றாள் ரூமானா.

"கழட்ட மாட்டேன்."

ரூமானா தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றி, பிள்ளையின் முதுகில் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்துக் குத்திவிட்டாள். அவ்வளவுதான், அது தெருவுக்கு ஓடிற்று. "எங்கப்பா பெட்டி வந்துடுச்சு" என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றார்கள். மாலதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெட்டியிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்துத் திறந்தாள்.

"கைய நீட்டுங்க" என்றாள்.