கூவிக்கொண்டே இருந்த கம்ப்யூட்டர்

கஸ்தூரி வீட்டில் ஏதோ கூவுகிறதே என்றுதான் போனேன். மற்றபடி அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. உறைமோர் கேட்கக் கிண்ணம்கூட எடுத்துப் போயிருந்தேன்.

கூவியது கம்ப்யூட்டர். பக்கத் தகடு கழற்றப்பட்டு, குடல் தெரிய மேசைமேல் கிடந்தது. மகன் அரிகரன் அதற்குள் தலையை விட்டிருந்தான். மகள் வெண்ணிலா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் தேர்வு. கட்டட பிளான் வரைகிற சென்னைக் கம்பெனி. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. இதை நம்பித் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் போன வாரமே விட்டுவிட்டாள். அந்த இடத்துக்கு வேறு பெண் வந்தாயிற்று. அந்த ஃபேக்டரி வேன் டிரைவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பழைய கம்ப்யூட்டர் பெரிய படங்களைத் தாங்காதென்று புது ரேமும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கி, காலையில்தான் அரிகரன் மாட்டினான். அவன் படித்தது சிவில். யூடியூபில் பார்த்திருக்கிறானாம்.

பொத்தானை அழுத்தினான். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. பிறகு அந்த நீளக் கூவல்.

"கார்டுதான் ஒத்துக்கல" என்று அதைக் கழற்றி, திரை வயரைப் பழைய இடத்தில் செருகினான். கூவல். புது ரேமை உருவிவிட்டுப் பழையதைப் போட்டான். அதற்கும் கூவல்.

"நேத்து வரைக்கும் இதே ரேம்லதானடா ஓடுச்சு!" என்றாள் வெண்ணிலா.

"அதான் புரியல. மதர்போர்டு பூடுச்சு போல."

"நீ கை வெச்சதுலதான் பூடுச்சு."

"நீதானடி கெஞ்சினே, மாட்டிக் குடு மாட்டிக் குடுன்னு!"

"போன்ல எழுதேண்டி" என்றேன்.

"போன்ல எங்க அத்தே பிளான் வரையறது? பிரவுசிங் சென்டருக்கும் போவ முடியாது. ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணுமாம்." கடிகாரத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

கஸ்தூரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஊர்ச் சண்டைக்கெல்லாம் முதல் குரல் கொடுப்பவள், சமையலறை வாசலில் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா கஸ்தூரி, முந்தானைல சந்தனம்? இன்னிக்கு வெள்ளிக்கெழமகூட இல்லியே?"

சட்டென்று முந்தானையைச் சுருட்டினாள். சுருட்டாமல் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

"எதுக்குடி மறைக்கிறே?"

"அதுக்குத்தான் வெச்சேன்க்கா" என்று கம்ப்யூட்டரைக் காட்டினாள். "ரெண்டு ரேமையும் மேசைல வெச்சிட்டு இவன் குளிக்கப் போனான். நல்லபடியா ஓடணுமேன்னு ஒரு பொட்டு வெச்சேன். அப்பறம் திட்டுவானேன்னு தொடச்சிட்டேன்."

"எந்த எடத்துலம்மா?" அரிகரனின் குரல் கீச்சிட்டது.

"ஓரத்துல தங்கமாட்டம் பட்டை இருக்குதே, அதுல."

"பழசுலயுமா?"

"புதுசுக்கு மட்டும் வெச்சா பழசு கோவிச்சுக்காதா?"

அரிகரன் ரேமை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். துடைத்ததில் சந்தனம் பட்டை முழுக்க மெல்லிசாகப் பரவிக் காய்ந்திருந்தது. வெண்ணிலா ரப்பரை நீட்டினாள். தேய்த்தான், ஊதினான், மறுபடி தேய்த்தான். புதியதை அழுத்திச் செருகினான், கார்டையும் மாட்டினான்.

"போடுடா" என்றாள் வெண்ணிலா. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃபேன் சுற்றியது. கூவல் இல்லை. திரையும் இல்லை. பிறகு நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது.

பதினொன்றுக்குச் சற்று முன்புதான் வெண்ணிலா தேர்வுப் பக்கத்துக்குள் நுழைந்தாள். கேமரா வழியாக ஒரு பெண் குரல், "பின்னாடி யாருங்க?" என்றது.

"பக்கத்து வூடு மேடம். இதோ போயிடுவாங்க."

என் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து சாமிநாதன், கஸ்தூரி புருஷன், முழங்கால் சேறோடு வந்து தண்ணி மோட்டார் சுவிட்சில் கை வைத்தார். அதைப் போட்டால் வீட்டு விளக்கே படுத்துவிடும். கஸ்தூரி பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"தொட்டே, சோறு கெடையாது."

"கால் கழுவணும்டி."

"சேத்தோடயே நில்லு."

"இன்னாதான்டி நடக்குது இந்த வூட்ல?"

"வாய மூடு. அப்பறமா அக்கா சொல்லும்."

இப்படியொரு அனுமதி அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆனாலும் நான் பேசவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மவுஸ் மட்டும் விடாமல் கிளிக் கிளிக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.