இடைவேளையில் யோகா

பொறியியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்த ஏசுதாசன், படித்தது ஒன்றரை வருடம். பந்தோடு ஓடியது ஒன்பது வருடம். ரக்பி லீக் என்பது, பந்து வைத்திருப்பவனைப் பதின்மூன்று பேர் துரத்திப் பிடித்துப் புல்லில் புதைக்கும் விளையாட்டு. புதைபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறுபடி புதைபட ஆயத்தமாக வேண்டும். இந்த உத்தியோகத்தில் ஏசுதாசன் இரண்டு முன்பற்களையும், ஒரு முழங்காலையும், மூக்கின் பழைய வடிவத்தையும் கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்தார். ஊருக்குப் போன கடிதங்களில் மட்டும் அவர் பொறியியலாளராகவே நீடித்தார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. பதற்றம் வந்தால் ஆங்கிலம் அவரை விட்டுவிட்டு முதலில் ஓடிவிடும். எதிரணிக்காரனின் தாடையில் குத்தினாயா என்று நடுவர் ஒருமுறை கேட்டார். வேதக்கோயிலில் வளர்ந்த பிள்ளை பொய் சொல்லலாமா? "ஓம்" என்று ஊர்த்தமிழில் ஆமாம் சொல்லி ஒப்புக்கொண்டார். அதை வலியில் எழுந்த முனகலாக எடுத்துக்கொண்ட நடுவர், குத்து வாங்கியவனை வெளியே அனுப்பினார்.

1974இல் முழங்கால் முற்றாகக் கைவிட்டது. சிட்னியில் பரமட்டாவுக்கு அப்பால் கூலவாரா என்றொரு சிறிய கழகம். அதன் பயிற்சியாளர் பழைய கார் விற்கப் போய்விட்டார். அந்த இடத்தை வேறு யாரும் கேட்காததால் ஏசுதாசனுக்குக் கொடுத்தார்கள். தன்மேல் வைத்த நம்பிக்கை என்று அவர் அதற்குப் பெயரிட்டுக்கொண்டார். எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கித் தடுப்பாட்டத் திட்டம் எழுதினார். அதன் ஏழாம் பக்கம்தான் உயிர்நாடி: ஆளுக்கொரு பக்கம் பாயாமல், எல்லோரும் ஒரே கோட்டில், ஒரே நேரத்தில் முன்னேற வேண்டும்.

செவ்வாயும் வியாழனும் அதையே ஓடவிட்டார். வீரர்கள் கவனமாகக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், சனிக்கிழமை வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். தொடர்ந்து ஏழு தோல்வி. கழகத் தலைவர் மெர்வ் தொழிலால் இறைச்சிக்கடைக்காரர். பெரிய கத்தியைத் துடைத்துக்கொண்டே, வரும் சனிக்கிழமையும் தோற்றால் விசிலை வைத்துவிட்டுப் போகலாம் என்று அன்பாகச் சொன்னார். பல்லும் பட்டமும் இல்லாத மனிதனுக்கு அந்த விசிலை விட்டால் உலகத்தில் வேறு முகவரி கிடையாது.

அந்தச் சனிக்கிழமை இடைவேளையில் 14–0 என்று பின்தங்கி நின்றார்கள். ஏசுதாசன் கரும்பலகையில் ஏழாம் பக்கத்தை மறுபடி வரையத் தொடங்கியபோது, உடைமாற்றும் அறைக் கதவோரம் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் அவருடைய மனைவி. முழுப்பெயர் யோகமலர், எல்லோருக்கும் யோகா.

"மெல்பேர்னிலயிருந்து சின்னம்மா ஆக்கள் வந்து நிக்கினம். விளையாட்டு முடிய நேரா வாறீங்கள்தானே?"

"ஓம்."

"காலமை பாண் வாங்கி வச்சனீங்களோ?"

"ஓஓம்."

வாங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு சிட்னியில் ரொட்டிக்கடைகளும் பூட்டியாயிற்று. பொய் என்பதால் சத்தம் சற்று நீண்டது.

"மாமிக்குக் கடிதம் போட்டாச்சோ?"

"ஓஓஓம்."

யோகா சுருக்கமாகப் பேசிப் பழகியவள் அல்ல. ஏசுதாசன் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து, மூச்சு விடுகிற இடங்களிலெல்லாம் ஓம் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத வீரர்கள் பின்னாலிருந்து பார்த்தார்கள். பயிற்சியாளர் கத்தவில்லை, கரும்பலகையை உதைக்கவில்லை. கண்ணை மூடி ஏதோ ஓதுகிறார். ஊரெல்லாம் நீள்முடி ஹிப்பிகள் ஊதுபத்தியும் ஓமுமாகத் திரிந்த காலம். அணித்தலைவன் கெவ் லொறி ஓட்டுகிறவன். அவனுடைய தங்கைகூட அப்படி ஒரு கூட்டத்தோடு வடக்கே போயிருந்தாள். விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் கெவ்தான் முதலில் ஆரம்பித்தான். ஏசுதாசன் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது, பதின்மூன்று முரடர்களும் கண்ணை மூடி ஓம் என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் ஒரு காரியத்தை ஒரே நேரத்தில் செய்தார்கள்.

அதே வேகத்தில் மைதானத்துக்குள் இறங்கி, ஒரே கோட்டில் முன்னேறி, 15–14 என்று வென்றார்கள். அட்சரம் பிசகாத ஏழாம் பக்கம்.

வாசலில் பத்திரிகைக்காரன் ஒருவன், இடைவேளையில் என்ன நடந்தது என்று கேட்டான். யோகா என்றார் ஏசுதாசன். எவ்வளவு காலமாக என்றான். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்றார். தினமுமா என்றான். தப்ப வழியில்லை என்றார்.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் ஏசுதாசன் தாமரைப்பூவில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு உடைமாற்றும் அறையில் தசைவலித் தைலத்தோடு ஊதுபத்தியும் மணந்தது. மெர்வ் தன் வீட்டிலிருந்து செம்மஞ்சள் படுக்கைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்டத்துக்கு முன் ஏசுதாசனைச் சாமியார்போல் போர்த்திக்கொள்ளச் சொன்னார். தேவாலயத்தில் போதகர் இரண்டு ஞாயிறு தொடர்ந்து, வழிதவறிய ஏசுதாசனுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார். அடுத்த ஆறு ஆட்டங்களில் ஐந்து வெற்றி. எல்லாப் புகழும் ஓமுக்கே போனது. கொப்பியை ஒருவரும் கேட்கவில்லை.

யோகாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னோட கதைச்சது தியானமாம். அப்ப நான் ஆர், மந்திரமோ? கழகக் கூட்டத்தில உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட கொப்பியாலதான் வெண்டவை எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி சாகுமட்டும் அந்தப் படுக்கைவிரிப்போடதான் நிப்பீங்கள்."

பருவம் முடிந்த சனிக்கிழமை பிற்பகல், அடுத்த வருடப் பயிற்சியாளர் யார் என்று முடிவெடுக்கக் கழகக் குழு கூடியது. ஏசுதாசன் கொப்பியோடு போனார். விசில் போனாலும் போகட்டும், ஏழாம் பக்கம் தன் பெயரில் நிற்கட்டும் என்பது ஏற்பாடு. கோடு போட்டு, அம்புக்குறி போட்டு, பத்து நிமிடம் விளக்கினார். மெர்வ் கொட்டாவியை மரியாதையாகக் கையால் மறைத்தார். செயலாளர் அடுத்த வருடத்துக்கு எத்தனை பெட்டி ஊதுபத்தி தேவைப்படும் என்று குறுக்கே விசாரித்தார்.

குழுவில் ஒரே ஒரு சந்தேகப்பிராணி, பொருளாளர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். அவர் எழுந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"சுற்றி வளைக்க வேண்டாம். இந்த ஓதல், மூச்சு எல்லாம் சுத்தப் புளுகு. உண்மைதானே?"

இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல ஏசுதாசன் நிமிர்ந்தார். ஆங்கிலம் வழக்கம்போல் முதலில் ஓடியது.

"ஓம்," என்றார்.

மெர்வ் கண்ணை மூடிக்கொண்டார். செயலாளர் மூடினார். மேசை முழுக்க ஓம் என்று அதிர்ந்தது. பொலிஸ்காரர் கொஞ்ச நேரம் தனியாக நின்று பார்த்தார்; பிறகு, சபை நாகரிகம் கருதி, அவரும் மூடினார். மூன்று வருட ஒப்பந்தம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டில் யோகா குசினி வாசலிலேயே நின்றாள்.

"சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அதுக்கு அவை என்ன சொன்னவை?"

ஏசுதாசன் கொப்பியைக் கதிரையில் வைத்து, அதன்மேல் செம்மஞ்சள் படுக்கைவிரிப்பை மடித்து வைத்தார்.

"அவையும் ஓம் எண்டவை."

யோகா படுக்கைவிரிப்பைப் பார்த்தாள். பிறகு, பாண் வாங்கி வந்தாயிற்றா என்று கேட்டாள். இந்தமுறை ஓம் மிகவும் நீளமாக வந்தது.