காயோ என்ற பெயர்

ஹில்க்காவுக்குப் பெயர் யோசிக்கிற வேலையே இருக்கவில்லை. காயோ. அடிவானத்தில் கசிகிற மங்கிய வெளிச்சத்துக்கு ஃபின்லாந்தின் குவோப்பியோ நகரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவளுடைய தம்பி ரெய்னோவின் கண்களில் மிச்சமிருந்தது அந்த வெளிச்சம் மட்டும்தான். அவனே வைத்த பெயர்.

செல்போனை நீட்டினால் எதிரே வருகிற பஸ்ஸின் எண்ணையும் கடைப் பலகையையும் படித்துச் சொல்லும் நிரல் ஒன்றை அவனுக்காகவே எழுதி முடித்திருந்தாள். வியாழக்கிழமை பார்வையற்றோர் சங்கத்தில் அதை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு முன், உலகத்து நிரல்காரர்கள் தங்கள் எழுத்தைப் பொதுவில் வைக்கும் தளத்தில் ஒரு பெயர் பிடிக்க வேண்டும். அங்கே முந்தியவருக்குத்தான் பெயர். இந்த மாதிரிக் குட்டிப் பெயர்களை எல்லாம் எவன் எவனோ பத்து வருடம் முன்பே வளைத்துப் போட்டிருந்தான்.

திங்கள் சாயங்காலம், போகிற போக்கில் தட்டிப் பார்ப்போம் என்று தட்டினாள். பச்சை எழுத்தில் வந்தது: 'இந்தப் பெயர் கிடைக்கும்.'

"டேய் ரெய்னோ! காயோ கிடைச்சிருச்சுடா!"

"கத்தாதக்கா. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

பெயரைப் பிடித்தாள். 'விரைவில்' என்று ஒற்றை வரி எழுதிவைத்தாள். இருவரும் ஏலக்காய் பன்னும் காபியுமாகக் கொண்டாடினார்கள்.

செவ்வாய் காலை அந்தப் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒற்றை வரியை ஆறாயிரத்துச் சொச்சம் முறை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

"உனக்கு அவ்வளவு ரசிகர்களா? சொல்லவே இல்லையே" என்றான் ரெய்னோ.

கீழே ஒரு கடிதம் கிடந்தது. ஃபாரோ தீவுகளிலிருந்து ஹானுஸ் என்பவர் எழுதியிருந்தார். "அம்மணி, இன்னிக்கு என் கோழிக்கூட்டுக் கதவு திறக்கல. அஞ்சு வருஷமா ஒழுங்காத் திறந்த கதவு. என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?"

அவரை அழைத்துப் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. காயோ என்ற பெயரில் முன்பு வேறொரு நிரல் இருந்திருக்கிறது. எந்த ஊரில் எப்போது விடியும், எப்போது இருட்டும் என்று சொல்லும் நிரல். எழுதியவர் நாலு வருடம் முன்பு தன் கணக்கை அழித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அதை வாங்கி வைத்திருந்த இயந்திரங்கள் தினமும் பழைய முகவரிக்கு வந்து, புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தன. பதில் வராதவரை கையில் இருந்த பிரதியை வைத்து ஓட்டின. நேற்று ஹில்க்கா பதில் கொடுத்துவிட்டாள். அவை கையில் இருந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு அவளுடைய வெற்று வரியை விழுங்கிவிட்டன.

கோழிக்கூடுகள், பள்ளிக்கூட ஜன்னல் திரைகள், படகுத்துறை விளக்குகள். ஹில்க்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் யாரையும் பார்த்ததில்லை, ஆனாலும் இத்தனை கதவுகள் ஒரு சொல்லை நம்பித் திறந்துகொண்டிருந்தன! அந்தச் சொல் இப்போது அவள் கையில்.

"பழைய பிரதி இருக்கா?" என்று கேட்டாள்.

"நான் எதையும் தூக்கிப்போடுற ஆள் இல்ல. பழைய கம்ப்யூட்டர்ல கிடக்கு" என்றார் ஹானுஸ்.

அனுப்பினார். மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். பூமியின் சாய்வு, கடல்மட்டம், வருடத்தின் நாள் எல்லாம் அதற்குள் அடக்கம். படிக்கப் படிக்க அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. தன் நிரலை அந்தப் பெயரில் வைத்தால் இந்தக் கதவுகளுக்கு விடிவே இல்லை. யார் யாருடையவை என்று தேடிச் சொல்லவும் வழியில்லை. பெயர் பழைய நிரலுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ரெய்னோ சங்கத்தில் ஒருவர் விடாமல் காயோ என்றே சொல்லிவைத்திருந்தான்.

"பேரைக் கொடுக்கணும்டா" என்றாள்.

அவன் காபிக் கோப்பையைத் தடவி எடுத்து, குடிக்காமல் வைத்தான். "கோழிக்காகவா? அது என்னோட பேரு, அக்கா."

"தெரியும்டா."

"என்னதான் எழுதியிருக்கான், படி பார்ப்போம்" என்றான்.

கணக்குகளைத் தாண்டி, எழுதியவர் விட்டுப்போன குறிப்புகளை மட்டும் படித்தாள். நூற்றெண்பதாவது வரியில் வட கோடி ஊர்களைப் பற்றி இருந்தது: "குளிர்காலத்தில் இங்கே சூரியன் வராது. நிரலை நிறுத்தாதே. பிழை இல்லை."

"திரும்பப் படி."

படித்தாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கொடுத்துடு அக்கா" என்றான்.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் காயோவில் ஏற்றினாள். மறுநாள் காலை ஹானுஸிடமிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. கிரீச்சென்று ஒரு கதவு, பிறகு நாற்பது கோழிகளின் கொக்கரிப்பு.

ரெய்னோ அதை மூன்று தடவை போடச் சொன்னான்.

"சங்கத்துல என்ன பேருன்னு கேட்பாங்களே" என்றாள் ஹில்க்கா.

"எய்விகான்னு தட்டிப் பாரு."

அவர்கள் பேச்சில் 'பிழை இல்லை' என்று அர்த்தம். தட்டினாள். பச்சை எழுத்து வந்தது.

"கிடைக்கும்னு போட்டிருக்குடா" என்றாள்.