மரக்காணம் நிலையத்தின் தாமதம்

புருஷோத்தமன் டிவியில் பேசியதை ரேணுகாவால் பாதிக்கு மேல் பார்க்கச் சகிக்கவில்லை. மரக்காணம் உப்பளத்துக்கு அடியில் பூமி குழைந்து கிடக்கிறதாம். அதனால்தான் எங்கே நிலநடுக்கம் வந்தாலும் அதன் அலை அங்கே மட்டும் பிந்தி வருகிறதாம். கண்டுபிடித்தது அவராம். நிலநடுக்க ஆய்வு மையத்துக்கு அவர் தலைவர். கருவிகளைப் பராமரிப்பது ரேணுகா. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் ஒரு கருவியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

தாமதம் பதிவாவது உண்மைதான். ஆனால் அது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. பூமி அப்படியா வாரக் கணக்கில் குழையும்? கருவியின் கடிகாரம் முந்தி ஓடினால், சரியாக வந்த அலையும் பிந்தி வந்ததாகத்தான் பதிவாகும். இதை அவரிடம் பலமுறை சொல்லிவிட்டாள். கடைசியாகச் சொன்னபோது அவர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"உனக்கு ரிப்பேர் கண்ணு, ரேணுகா. எதப் பாத்தாலும் ரிப்பேராத்தான் தெரியும்."

மறுநாளே அவள் மரக்காணம் போனாள். உப்புப் பாத்தியில் வேலை செய்யும் சகாயமேரியிடம்தான் உப்பளத்து நிலையத்தின் சாவி இருந்தது. போய்ப் பார்த்தால், கருவி அறைக்கு மேலே புதிதாக அகலமான தகரக் கூரை. முகப்பில், திறந்து வைத்தவர் புருஷோத்தமன் என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கிக் கடிகாரத்தைத் திருத்த வேண்டிய ஆன்டெனா, வானமே தெரியாமல் அந்தக் கூரைக்கடியில் கிடந்தது. ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள்.

ஆன்டெனாவை வெளியே ஒரு கம்பத்தில் ஏற்றியதும் கடிகாரம் சரியானது. ஆனால் பழைய பதிவுகள் அப்படியே தப்பாக இருந்தனவே? அதற்குக் கடல் உதவியது. அலைகள் கரையை ஓயாமல் அதிரவைக்கின்றன. அந்த அதிர்வு மரக்காணத்திலும் பதிவாகும், பக்கத்துப் பெருமுக்கல் நிலையத்திலும் பதிவாகும். இரண்டுக்கும் உள்ள நேர இடைவெளி மாறக் கூடாது. மாறியிருந்தால், மாறிய அளவுதான் கடிகாரத்தின் பிழை. நாள் நாளாகப் பார்த்து அதைக் கழித்தாள். குழைந்த பூமி காணாமல் போனது. கூரை போட்ட வாரத்தில்தான் பிழை ஆரம்பித்திருந்தது.

இதைக் காட்டியபோது புருஷோத்தமன் அசரவில்லை. அடுத்த வருட அறிக்கையில் கருவிக் கோளாறு என்று ஒரு வரி போட்டுவிடலாம், ஊர்க்காரர்கள் எதையாவது நோண்டியிருப்பார்கள் என்றார். கூரையைப் பற்றி மூச்சு விடவில்லை. ரேணுகா, அவரைப் பேட்டி எடுத்த டிவிக்காரரைக் கூப்பிட்டாள். பூமி நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு செய்தியா என்று அவர் கேட்டார்.

உப்பளத்துக்கே திரும்பி வந்து சகாயமேரியிடம் உள்ளதைச் சொன்னாள். சகாயமேரி காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த டிவி பேச்சக் கேட்டு, பூமி உள்ள வாங்கிடும்னு பயந்துதான் என் மருமவ புள்ளைங்கள கூட்டிக்கினு இடையஞ்சாவடிக்கு அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. பாதி ஆளு வேலைக்கே வர்றதில்ல. தப்புன்னு இப்ப யாரு வந்து சொல்லுவாங்க? உங்க பெரியவரா? கூரை தொறக்க வந்த அன்னிக்கு ஷூவுல உப்பு ஒட்டிக்கும்னு பலகை போடச் சொல்லி அது மேல நடந்தாரு. நீங்களும் அந்த ஆபீஸுதானே?"

ரேணுகா சிரித்த சிரிப்பெல்லாம் அங்கேயே செத்தது.

வேலைக்கு வந்திருந்தவர்களிடம் அவளே நின்று சொன்னாள். தப்பு எங்களுடையது, கூரையும் எங்களுடையது என்றாள். யாரும் திட்டவில்லை. ஒருவர் காறித் துப்பிவிட்டுப் பாத்தியில் இறங்கினார்.

பிறகு ஜீப்பில் இடையஞ்சாவடி போனாள். மருமகள் ஜான்சி வாசலிலேயே நிறுத்தினாள். டிவியில் அவ்வளவு பெரிய மனிதர் சொல்லியிருக்க, இல்லை என்று சொல்ல இவள் யார் என்று கேட்டாள்.

"அந்த மிஷினைப் பாத்துக்கறவ நான்தாம்மா."

ஜான்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ ஒழுங்கா பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, துணிமணியை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

ரேணுகா ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் காத்து நின்றாள்.